தொட்டதையெல்லாம் துடை

என் மாமாவின் வலது கால் கட்டைவிரல் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒரு பஸ் நிறைய ஆட்கள் அதை நம்பித்தான் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறார்கள். மாமா என்றால் என் அக்காவின் கணவர், பஸ் டிரைவர். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மாறி மாறி மிதிப்பது அந்தக் கால்தான். அந்த விரலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் போனில் சொன்னபோது, நான் டிரெஸ்ஸிங் அறையில் கத்தரிக்கோல்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் என் முழுநேர வேலை. எங்களுடையது சின்ன மருத்துவமனை. ஆறாத புண்களைப் பார்க்கும் டாக்டர் பெரிய ஊரில் பெரிய மருத்துவமனையில் இருக்கிறார். மாதம் ஒருமுறைதான் எங்கள் பக்கம் வருவார். மற்ற நாட்களில் நான் வாரம் தவறாமல் புண்ணைப் படம் எடுத்து கம்ப்யூட்டரில் அனுப்புவேன், அவர் பார்த்து மருந்து சொல்வார். அதற்காகவே மருத்துவமனை ஒரு கேமரா வாங்கித் தந்திருந்தது. நோயாளியின் படம் யாருடைய செல்போனிலும் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதிதான். நம்முடைய ஆட்கள் கையில் கொடுத்தால் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

"சிஸ்டர், படம் பாத்தேன்" என்றார் டாக்டர். "போன வாரத்தை விட இந்த வாரம் மோசமா இருக்கு. மேல மஞ்சளா படிஞ்சிருக்கு, ஓரமெல்லாம் மங்கிப்போச்சு. எலும்பு வரைக்கும் போயிருக்குமோன்னு பயமா இருக்கு. சர்ஜன்கிட்ட தேதி வாங்கிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்துடுங்க."

"டாக்டர், நான் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டைப் பிரிச்சுப் பாக்கறேன். நல்லா சிவந்துகிட்டுத்தானே வருது?"

"உங்க அக்கா வீட்டுக்காரர்தானே அவரு?"

"ஆமா."

"நம்ம வீட்டு ஆளுன்னா கண்ணு நல்லதை மட்டும்தான் பாக்கும் சிஸ்டர். எங்க அப்பாவுக்கு நானும் அப்படித்தான் பாத்தேன். படத்துக்குப் பாசம் கிடையாது" என்றார்.

அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாகப் புண்ணைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்று வாய் வரை வந்தது. ஆனால் போனை வைத்ததும் கோபம் வடிந்துவிட்டது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? சர்க்கரை நோயாளியின் கால் எப்படி ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். வலிக்காது. வலிக்காமலே உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஷூவுக்குள் துருத்திக்கொண்டிருந்த ஒரு சின்ன ஆணிதான் மாமாவின் விரலடியில் இந்தப் புண்ணை உண்டாக்கியது. அது குத்தியதே அவருக்குத் தெரியாது, காலுறையில் ரத்தத்தைப் பார்த்து அக்காதான் அலறினாள்.

கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். முதல் படங்களில் புண் செக்கச் செவேலென்று இருந்தது. பிறகு ஒரு வாரத்தில் திடீரென்று மஞ்சள் தட்டியது. அதற்கடுத்த வாரங்களில் மேலே மெல்ல ஒரு ஆடை படிந்தது போல மங்கிக்கொண்டே வந்தது. பார்க்கப் பார்க்க டாக்டர் சொன்னதுதான் எனக்கும் தெரிந்தது. என் கண்ணில் குறை என்றால் நான் இந்த வேலையில் இருந்து என்ன பயன் என்று நினைத்து, ஆள் இல்லாத அறையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமாவும் அக்காவும் கட்டுப் பிரிக்க வந்தார்கள். மாமா எப்போதும் போல வாசலிலேயே ஆரம்பித்தார்.

"நர்ஸம்மா, வண்டி சர்வீஸுக்கு வந்திருக்கு. சீக்கிரம் பாத்து அனுப்புங்க."

வழக்கமாக நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அன்று சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "என்னடி, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள். மென்று முழுங்குவது எனக்கு வராது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மாமா சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் வரலை" என்றார்.

"என்ன மாமா விளையாட்டு இது?"

"வெட்டத்தானே கூப்பிடறாங்க? நான் எதுக்கு வரணும்? கட்டைவிரல் இல்லாதவன்கிட்ட யாரு பஸ்ஸைக் குடுப்பா? டெப்போல உக்கார வச்சு டிக்கெட் கட்டு அடுக்கச் சொல்வாங்க. நான் டிரைவர்மா. வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

"விரலுக்குப் பயந்து வீட்லயே உக்காந்தா, நாளைக்குக் காலே போயிடும்! அப்ப என்ன பண்ணுவீங்க? ஒத்தைக் கால்ல நின்னு கண்டக்டர் வேலை பாப்பீங்களா?" என்று நான் கத்தினேன். நோயாளியிடம் கத்தக்கூடாது. ஆனால் இவர் நோயாளி மட்டும் இல்லையே. என் கல்யாணத்தின்போது என் அப்பா ஸ்தானத்தில் நின்றவர். அவர் பிடிவாதம் பிடிக்கிறபோது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வரும்.

"திட்டாதடி அவரை" என்றாள் அக்கா. உடனே அவரைப் பார்த்து, "அவ சொல்றதுல என்ன தப்பு? ஏங்க, உங்களுக்குத்தான் மண்டைல ஏறவே ஏறாதா?" என்றாள்.

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எந்தப் படத்தைப் பாத்து அந்த டாக்டரம்மா சொன்னாங்க? அதைக் காட்டு முதல்ல" என்றார்.

துணியை விரித்து அவர் காலை வைத்துக் கட்டைப் பிரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் காட்டினேன். ஸ்கிரீனில் தன் பாதத்தை அவ்வளவு பெரிதாக அவர் பார்த்ததில்லை. மூக்கு முட்டும் தூரத்தில் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பித் தன் காலைப் பார்த்தார். மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"சரி, என் விரலுக்குச் சீழ் பிடிச்சிருக்கு. ஒத்துக்கறேன்" என்றார். "கீழ விரிச்சிருக்கிற துணிக்கும் பிடிச்சிருக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன மாமா சொல்றீங்க? நான் விரிக்கிற துணி அழுக்குன்னா? அவிச்சு எடுத்த துணி அது!"

"அழுக்குன்னு சொல்லலைம்மா. இதுல மஞ்சளா இருக்கே, நேர்ல வெள்ளையாத்தானே இருக்கு?"

குனிந்து துணியைப் பார்த்தேன். உண்மைதான். இதோ காலடியில் பால் வெள்ளையாக விரிந்திருக்கிற அதே துணி, படத்தில் பழைய காகிதம் போல மஞ்சளாக இருந்தது. பக்கத்தில் அளவுக்காக ஒட்டும் காகித ஸ்கேலும் மஞ்சள். நான் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைச் சுற்றியிருந்த எதையும் பார்க்கவில்லை. டாக்டரும் அப்படித்தான் பார்த்திருப்பார். புண்ணைப் பார்க்கிற வேலை எங்களுடையது, துணியை யார் பார்ப்பார்கள்?

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல கேமராதான், ஆனால் புதுப்பெண் போல எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஒருமுறை திடீரென்று உயிரே போனது போல அணைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி அதன் உலோகப் பட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் போட்டதும் எழுந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை கார்டைப் படிக்க முடியவில்லை என்று அடம் பிடித்தது. கம்ப்யூட்டரில் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைப் பிடுங்கிய என் அவசரம்தான் காரணம். ஆனால் நிறத்தை மாற்றிக் காட்டி இவ்வளவு பெரிய பொய் சொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை.

"வெளில வெளிச்சத்துல எடுத்துப் பாப்போமே" என்றார் மாமா.

ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனோம். மாமா காலில் சுத்தமான கட்டு ஒன்றைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு நொண்டியபடி வந்தார். நான் கேமராவைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, ஒரே பனிமூட்டம். குளிரில் இருந்த கண்ணாடி வெளிக்காற்று பட்டதும் வியர்த்துவிட்டது. அக்கா உதவி செய்கிறேன் என்று, வாயால் ஹா என்று ஊதி, மூக்கைத் துடைத்த கைக்குட்டையாலேயே துடைக்கப் போனாள்.

"அக்கா! கையை எடு!"

"நல்லதுக்குத்தானடி செஞ்சேன்!"

"நீ நல்லது செய்யாம சும்மா இருந்தாலே போதும்."

வியர்வை தானாகப் போகும்வரை மூவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் யாரோ ஒருவர் சாவியைத் தேடித் தன் பைகளையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. கண்ணாடி தெளிந்ததும் கட்டைப் பிரித்து, காலடியில் அந்தத் துணியை விரித்துப் படம் எடுத்தேன். மாமா வழக்கம்போல் விரலை ஆட்டினார். படம் எடுக்கிறபோது அவரால் விரலை ஆட்டாமல் இருக்க முடியாது. கேமராவைக் கண்டால் விரலுக்கும் குஷி வந்துவிடும்.

"ஆட்டாதீங்க மாமா!"

"நான் எங்க ஆட்டறேன், அது தானா ஆடுது."

வெயிலில் எடுத்த படத்தில் துணி நீலம் பாரித்து வந்தது. உள்ளே மஞ்சள், வெளியே நீலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரெஸ்ஸிங் அறையில் பழைய டியூப்லைட் போய், கொஞ்ச நாள் முன்பு மஞ்சள் வெளிச்சம் தரும் புது பல்பு மாட்டியிருந்தார்கள். மனிதக் கண் அதற்கு உடனே பழகிவிடும், வெள்ளையை வெள்ளையாகவே காட்டும். கேமரா அப்படியில்லை. எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று அதற்குச் சொல்லும் இடத்தில், யாரோ என்றைக்கோ 'டியூப்லைட்' என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அது பாவம், இல்லாத டியூப்லைட்டை நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். மெனுவைத் துழாவி, பல்பு படம் போட்டிருந்த இடத்துக்கு மாற்றினேன். மாமாவை உட்கார வைத்து எடுத்தேன். துணி வெள்ளையாக வந்தது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று மாமா கையைத் தட்டினார். "போடு போனை. தேதியை ரத்து பண்ணச் சொல்லு."

ஆனால் நான் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் போயிருந்தது. மங்கல் போகவில்லை. புண்ணின் மேல் அந்த ஆடை அப்படியே இருந்தது. ஓரங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை. நல்ல தசை இருந்தால் சின்னச் சின்ன மணிகள் போலப் பளபளக்க வேண்டும், இதில் வழுவழுவென்று சோற்றுக் கஞ்சி ஊற்றியது போல இருந்தது. நேரில் குனிந்து பார்த்தேன். மணிகள் இருப்பது போலத்தான் தெரிந்தது. இருப்பது போலத் தெரிகிறதா, இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா? படத்துக்குப் பாசம் கிடையாது என்ற குரல் காதிலேயே நின்றது.

"மாமா, மஞ்சள் மட்டும்தான் கேமரா தப்பு. இது..." என்றேன்.

மாமா தட்டிய கையைக் கீழே போட்டார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் நர்ஸாகவே இல்லை. அவர் இனி பஸ் ஓட்டப் போவதில்லை, அந்த வீட்டில் இனி சிரிப்புச் சத்தம் கேட்காது என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

மாமா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கிரீனின் மூலையைத் தொட்டார். அங்கே என் ஸ்டீல் தட்டு பாதி தெரிந்தது. அதன் விளிம்பில் பல்பின் ஒளி பட்டு, பஞ்சு பிய்த்தது போல நாலு பக்கமும் இழுபட்டிருந்தது.

"இது எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "எதிர்ல வர்ற வண்டி லைட்டு, நம்ம முன் கண்ணாடில எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா இப்படித்தான் இழுக்கும். ரோடே தெரியாது. மழை பெய்யுதோன்னு நினைப்போம். ஒரு மண்ணும் பெய்யாது."

"சும்மா மனசைத் தேத்திக்காதீங்க" என்றாள் அக்கா.

"தேத்திக்கலைடி. பாத்தா என்ன குறைஞ்சா போகுது?"

டார்ச்சை எடுத்து லென்ஸின் மேல் சாய்வாக அடித்தேன். நேராகப் பார்த்தால் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. சாய்த்துப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வட்ட வட்டமாகத் தேய்த்த கோடுகள். கோடுகளுக்கு இடையில் சோப்புக் குமிழியில் தெரியுமே, அந்த மாதிரி நிறம் நிறமாக ஒரு படலம். ஒரு ஓரத்தில் களிம்புக் கைரேகை.

அடுத்து நான் செய்தது நானாகச் செய்ததல்ல, என் கை செய்தது. எங்கள் டிரெஸ்ஸிங் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது: தொட்டதையெல்லாம் துடை. ஒரு நோயாளியின் கிருமி இன்னொருவருக்குப் போகக்கூடாது. அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் பிறகு தட்டு, கத்தரிக்கோல், ஸ்டூல், கதவின் கைப்பிடி எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைப்போம். என் கை பஞ்சுத் துணியை எடுத்து, ஸ்பிரிட் பாட்டிலைக் கவிழ்த்து, கேமராவின் கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "நில்லு! என்ன பண்ற?"

"துடைக்கிறேன்."

"இதைத் தினமும் இப்படித்தான் துடைக்கிறியா?"

"நான் மட்டுமா? இங்க வேலை பாக்கற எல்லாருமே துடைப்போம். விதி அது."

"எங்க டெப்போல ஒருத்தன் முன் கண்ணாடியை மண்ணெண்ணெய் போட்டுப் பளபளன்னு துடைச்சு வச்சான். மறுநாள் கண்ணாடியெல்லாம் ஒரே மூட்டம், அந்த வண்டியை யாராலயும் எடுக்க முடியலை" என்றார் மாமா.

கையில் நனைந்த துணியோடு நின்றேன். அறை முழுக்கச் சுத்தமாகத்தான் இருந்தது. கேமரா எங்கே இருக்கும்? டிரெஸ்ஸிங் தள்ளுவண்டியில், அயோடின் பாட்டிலுக்கும் களிம்பு டப்பாவுக்கும் நடுவில். களிம்புக் கையுறையோடு தொடுவோம், பிறகு தொட்ட பாவத்துக்கு ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்போம். களிம்பு கரைந்து கண்ணாடி முழுக்கப் பரவும். மறுநாள் மறுபடி. எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தம் பார்த்தோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு மாமாவின் புண் படத்தில் மோசமாகிக்கொண்டே போயிருக்கிறது. அந்த மாதத்தில் படம் எடுக்கும் அளவுக்குப் புண்ணோடு வந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேறு கால் இல்லை.

அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அக்காதான் காரியத்தில் இறங்கினாள். "பேசிக்கிட்டே நிக்காதீங்க. போட்டோ ஸ்டூடியோக்காரர் கடையை மூடறதுக்குள்ள கிளம்புங்க" என்றாள்.

ஸ்டூடியோ இரண்டு தெரு தள்ளி, ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மாமாவை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போனோம். பாஸ்போர்ட் படம் எடுக்கும் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்தோம். ஸ்டூடியோக்காரர் சலவைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து, மாமாவின் காலைப் பார்த்து, "காலுக்கா பாஸ்போர்ட்?" என்றார்.

கேமராவைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கார்டைச் சந்தேகப்பட்டார், அது நன்றாக இருந்தது. ஃபோகஸைச் சந்தேகப்பட்டு ஒரு காலண்டரைப் படம் எடுத்துப் பார்த்தார், அதிலும் குறையில்லை. கடைசியில் நான் சொன்னபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"பஞ்சுத் துணியாலயா தேய்ச்சீங்க?"

"ஆமாங்க."

"அதான் கீறல். இந்தக் கண்ணாடி மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும். அது போனா திரும்ப வராது. நான் சொல்றதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு, என் மூக்குக்கண்ணாடியை இப்படித்தான் சட்டைல தேய்ச்சே குருடாக்கினேன். பாப்போம், எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு."

பூச்சு போயிருந்தால்? அதை நான் கேட்கவில்லை. அக்கா கேட்டுவிட்டாள். "போயிருந்தா, நடுவுல கொஞ்சமாவது பிழைச்சிருக்கணும்னு வேண்டிக்குங்க" என்றார் அவர்.

முதலில் ரப்பர் ஊதியால் புஸ் புஸ் என்று ஊதித் தூசியை விரட்டினார். "தூசியோட தேய்ச்சா அதுவே மணல்தாள்." பிறகு பூனை வால் போன்ற மெல்லிய தூரிகையால் தட்டினார். பிறகு ஒரு சின்ன பாட்டிலிலிருந்து ஒரே ஒரு துளி. அதையும் கண்ணாடியில் விடாமல் துணியில் விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாக, குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். துணியில் பழுப்பாகக் கறை ஒட்டியது. புதுத் துணி எடுத்தார், அதிலும் ஒட்டியது. மாமா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசி போடும்போதுகூட அவர் அப்படிப் பிடித்ததில்லை.

கடைசியில் டார்ச்சின் கீழே காட்டினார். ஓரத்தில் ஒரு பிறை அளவுக்குக் கீறலும் வெளுப்பும் அப்படியே இருந்தன. நடுவில் கண்ணாடி கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"பிழைச்சுக்கிச்சு" என்றார். லென்ஸின் முன்னால் ஒரு வட்டக் கண்ணாடியைத் திருகி மாட்டினார். "உங்களால துடைக்காம இருக்க முடியாதுன்னு தெரியுது. இனிமே எல்லாம் இதுக்கு மேலதான். இது கெட்டா வேற மாட்டிக்கலாம். உள்ள இருக்கறதைத் தொடாதீங்க. மருந்து வண்டில வைக்காதீங்க. மூடி வைங்க, ஆனா மாசக்கணக்குல பெட்டில பூட்டியும் வைக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும்."

மாமா நாற்காலியிலிருந்து எழவில்லை. "வந்ததுக்கு என்னையே ஒரு படம் எடுத்துப் பாருங்களேன்" என்றார். எடுத்தோம். ரெண்டு நாள் தாடி, சிவந்த கண், நெற்றியில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரிந்தது. "அடப்பாவமே, இவ்வளவு வயசாயிடுச்சா எனக்கு? பழைய லென்ஸே தேவலை" என்றார். அன்று முதல்முறையாக அக்கா சிரித்தாள்.

மறுநாள் காலை கட்டை ஒவ்வொரு சுற்றாக மெதுவாகப் பிரித்தேன். நேற்று வரை குற்றத்தைக் கேமராவின் தலையில் போட்டிருந்தேன். இனி போட முடியாது. தெளிவான கண்ணாடியிலும் அதே ஆடை தெரிந்தால் அது காலில்தான் இருக்கிறது. வெள்ளைத் துணியை விரித்தேன். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கேமராவை எடுத்தேன்.

"ஆட்டாதீங்க மாமா."

"இல்லம்மா."

உண்மையிலேயே அவர் ஆட்டவில்லை.

கம்ப்யூட்டரில் படம் மெல்ல மேலிருந்து கீழாக விரிந்தது. துணி வெள்ளை. ஸ்கேல் வெள்ளை. புண் சிவப்பு. நல்ல, ஈரமான, மணி மணியான சிவப்பு. என் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. விரலின் அடியில், மடிப்புக்குள், அரிசி அளவுக்கு ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. அதை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்க விரும்பவில்லை போலிருக்கிறது. அதையும் சேர்த்து டாக்டருக்கு எழுதினேன்: பல்பு, களிம்பு, ஸ்பிரிட், மடிப்புக்குள் இருக்கும் திட்டு, எதையும் மறைக்கவில்லை.

டாக்டர் உடனே கூப்பிட்டார். "இந்தப் படத்தையும் முன்னாடி அனுப்பின படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டும் ஒரே கால்னு சொன்னா நம்ப முடியலை. துணியைப் பாக்கணும்னு எனக்கும் தோணலையே சிஸ்டர். சர்ஜன் தேதியை நிறுத்தி வைக்கிறேன். ரத்துன்னு சொல்லலை, புரியுதா? அந்த மடிப்பு எவ்வளவு ஆழம்னு என் கையால பாக்கணும். வெள்ளிக்கிழமை என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

மாமாவிடம் சொன்னேன். வர மாட்டேன் என்று மறுபடி ஆரம்பிப்பார் என்று நினைத்துத் திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். அவர் ஸ்கிரீனில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் காட்டறதுக்கு வர்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பெரிய மருத்துவமனையில் டாக்டர் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை அந்த மடிப்புக்குள் விட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கம்பி எலும்பில் பட்டால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. தெரியாததால் அவள் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கம்பியைச் சாய்த்தார், திருப்பினார், மெல்ல வெளியே எடுத்தார்.

"எலும்பைத் தொடலை" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அந்தத் திட்டைச் சின்னக் கத்தியால் செதுக்கி எடுத்துவிட்டு, கீழே புதிதாகத் துளிர்த்த ரத்தத்தைப் பார்த்து டாக்டர் தலையை ஆட்டினார். "ரத்தம் வருது, நல்ல விஷயம். சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சுக்கணும். ஆணி இல்லாத ஷூவா பாத்துப் போடணும். ஆறறதுக்குக் கொஞ்ச நாளாகும், ஆனா ஆறிடும். எங்க, விரலை ஆட்டுங்க பாப்போம்."

மாமா ஆட்டவில்லை. கேமராவைக் கண்டாலே துள்ளுகிற அந்த விரல் விறைத்துக்கொண்டு நின்றது.

"ஆட்டுங்களேங்க!" என்றாள் அக்கா.

"பயமா இருக்குடி" என்றார் மாமா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அக்கா குனிந்து அவர் குதிகாலைக் கையில் தாங்கிக்கொண்டாள். முதலில் விரல் லேசாகத் துடித்தது. பிறகு கீழே அழுந்தியது. மேலே வந்தது. மறுபடி கீழே, பிரேக் பிடிப்பது போல நன்றாக அழுந்தியது.

"ரெக்கார்டுக்கு ஒரு படம் எடுத்துடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

கழுத்தில் மாட்டியிருந்த கேமராவைத் தூக்கினேன். என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. அழுத்தினேன். டாக்டர் எட்டி ஸ்கிரீனைப் பார்த்தார். வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தது, அக்காவின் விரல்கள் தெளிவாக இருந்தன. கட்டைவிரல் மட்டும் கலங்கிப்போய் இரண்டு மூன்றாகத் தெரிந்தது.

"அய்யோ, திரும்பவும் மக்கர் பண்ணுதா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்" என்றேன். "கேமரா நல்லா இருக்கு. விரல்தான் ஆடுது."